பனிக்கட்டியில் ஒட்டிய அழுக்கு

துருவக் கடலில் ஐஸ் உடைக்கும் கப்பல் போகிற வீடியோ ஏதாவது பார்த்திருப்பீர்கள். கப்பலின் மூக்கு பனித்தட்டின் மேல் ஏறி அழுத்தும். தட்டு விரிசல் விட்டு, பெரிய பெரிய பாளங்களாக உடைந்து, பக்கவாட்டில் புரண்டு விழும். மேல்பக்கம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். புரளும்போது ஒரு நொடி அடிப்பக்கம் தெரியும் பாருங்கள், வசந்த காலமாக இருந்தால் அது வெள்ளையாக இருக்காது. டிகாக்‌ஷன் கொட்டின வேட்டி மாதிரி பழுப்பாக இருக்கும்.

இந்தப் பதிவு அந்தக் கறையின் சரித்திரம். அது பாசி என்று 1840களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதை யார் சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று எண்ணிக்கையோடு சொல்ல மேலும் 150 வருஷம் ஆயிற்று. அப்படிச் சொல்ல முடிந்த நேரத்தில் பனியே குறைய ஆரம்பித்துவிட்டது. துருவக்கரடி தனியாக ஒரு சின்னப் பனித்துண்டின் மேல் நிற்கிற படத்தைப் பார்த்துப் பார்த்து, பனி என்றால் கரடி நிற்க ஒரு இடம், அது போனால் கரடிக்கு நிற்க இடமில்லை என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அது பாதி உண்மைதான். அந்தப் பனி கரடிக்குத் தரை மட்டும் இல்லை, வயலும் அதுதான்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். டைட்டானிக் மோதியது பனிமலை. அது நிலத்தில் விழுந்த பனி இறுகி, பனியாறாக நகர்ந்து வந்து, கடலில் உடைந்து விழுந்தது. நல்ல தண்ணீர். நான் பேசுவது கடல் தண்ணீரே உறைந்து உண்டாகும் கடல் பனி. பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர் கனம்தான் இருக்கும்.

சரி, கதைக்கு வருவோம்.

இங்கிலாந்தில் விட்பி என்று ஒரு துறைமுக ஊர். அங்கே திமிங்கில வேட்டையில் பேர்போன குடும்பம் ஸ்கோர்ஸ்பி குடும்பம். மகன் வில்லியம் 1800ல், பத்து வயதில், அப்பாவோடு ஆர்க்டிக்குக் கப்பலேறினார். விளக்கெரிக்க எண்ணெய் வேண்டும், சீமாட்டிகளின் இடுப்புக்கச்சைக்குத் திமிங்கில வாய்த்தகடு வேண்டும். இதுதான் தொழில். ஆனால் மனுஷர் கையில் மைக்ரோஸ்கோப்பும் இருந்தது. கிரீன்லாந்துக் கடலில் சில இடங்களில் தண்ணீர் தெளிந்த நீலமாகவும், சில இடங்களில் கலங்கிய பச்சையாகவும் இருப்பதைக் கவனித்தார். திமிங்கிலம் மேய்வது பச்சைத் தண்ணீரில். அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக எடுத்துப் பார்த்தால் நுண்ணுயிர்கள் மொய்த்துக் கிடந்தன. 1820ல் அவர் வெளியிட்ட ஆர்க்டிக் பற்றிய இரண்டு பாகப் புத்தகத்தில், கரடி சீலைத் தின்கிறது, சீல் சின்ன மீனையும் கூனிகளையும் தின்கிறது, அவை அதைவிடச் சின்னதைத் தின்கின்றன, இதில் ஒரு சின்னக் கண்ணி அறுந்தாலும் மொத்தமும் போச்சு என்று எழுதிவிட்டார். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் சார்ட் பேப்பரில் அம்புக்குறி போட்டு வரைகிற உணவுச் சங்கிலி, ஒரு திமிங்கில வேட்டைக்காரர் கையால் 200 வருஷத்துக்கு முன்பே எழுதப்பட்டது.

ஆனால் சங்கிலியின் கடைசி முனையில் அவர் நிறுத்தியது சின்னப் பிராணிகளை. அந்தப் பிராணிகளுக்குச் சாப்பாடு எங்கிருந்து? நிலத்தில் என்றால் புல், செடி என்று சொல்லிவிடலாம். அங்கே புல் ஏது?

இந்தக் கேள்விக்குப் பதில் உலகத்தின் மறுமுனையில் கிடைத்தது. 1839ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தலைமையில் எரிபஸ், டெரர் என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் அண்டார்டிகா பக்கம் கிளம்பின. (இதே இரண்டு கப்பல்கள்தான் 1845ல் ஃபிராங்க்ளினோடு ஆர்க்டிக் போய், ஒருத்தர்கூடத் திரும்பாமல் காணாமல் போயின.) எரிபஸ் கப்பலில் உதவி சர்ஜன் ஜோசப் டால்ட்டன் ஹூக்கர். வயது 22. பேருக்கு சர்ஜன், உள்ளுக்குள் செடிகொடிப் பைத்தியம். பிற்காலத்தில் டார்வினின் நெருங்கிய நண்பர், கியூ தாவரத் தோட்டத்தின் தலைவர். அப்பேர்ப்பட்டவரைக் கொண்டுபோய் ஒரு செடிகூட முளைக்காத பனிக்கரை ஓரமாக நிறுத்தினால் என்ன செய்வார்? பனியைப் பார்த்தார். பழுப்புக் கறை படிந்த பனியை உருக்கிப் பார்த்தார். கடலடிச் சேற்றைப் பார்த்தார். சால்ப் என்ற ஜெல்லி மாதிரியான பிராணியின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே சமாசாரம்: டயட்டம்.

டயட்டம் என்பது ஒற்றைச் செல் பாசி. கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவால் தனக்கு ஒரு ஓடு கட்டிக்கொள்ளும். மூடி போட்ட சம்புடம் மாதிரி இரண்டு பாதி, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கும். பச்சையத்தோடு பழுப்பு நிறமியும் சேர்ந்திருப்பதால் மொத்தமாகப் பார்க்கையில் பழுப்பு.

அப்போது நுண்ணுயிர் என்றால் உலகமே திரும்பிப் பார்க்கும் ஆள், பெர்லினில் இருந்த எஹ்ரென்பெர்க். துருவப் பக்கம் போனவர்கள் கொண்டுவந்த மாதிரிகள் அவரிடம்தான் போகும். ஹூக்கர் சேகரித்ததும் போயிற்று. பனியில் இருந்த நுண்ணுயிர்களுக்கு வரிசையாகப் பேர் வைத்து 1841லும் 1853லும் அவர் எழுதினார். ஆனால் அவர் பிடிவாதமாக ஒன்று சொன்னார்: டயட்டம் பிராணி, அதற்கு வயிறு உண்டு. ஹூக்கர், இல்லை, தாவரம் என்றார். ஏதோ வகைப்படுத்தும் சண்டை என்று தோன்றும். ஆனால் மொத்தக் கணக்கும் இதில்தான் நிற்கிறது. டயட்டம் பிராணி என்றால் அதற்குச் சாப்பாடு போடுவது யார் என்ற பழைய கேள்வி அப்படியே இருக்கும். தாவரம் என்றால் கேள்வி அங்கேயே முடிந்தது, வெளிச்சத்தில் தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளும். நிலத்தில் புல்லும் மரமும் பார்க்கிற வேலையைத் தென்கடலில் இந்தக் கண்ணாடிச் சம்புடங்கள் பார்க்கின்றன என்று ஹூக்கர் 1847ல் எழுதினார். அவர் சொன்னதுதான் சரி.

வடக்கே இதையே சொன்னவர் ராபர்ட் பிரவுன். (பௌதிகப் பாடத்தில் வருகிற பிரௌனிய இயக்கத்து ராபர்ட் பிரவுன் இல்லை, இவர் வேறு ஆசாமி.) 1868ல் வந்த அவருடைய கட்டுரை, ஆர்க்டிக் கடல் நிறம் மாறுவதற்குக் காரணம் டயட்டம், கடைசியில் திமிங்கிலம் பிழைப்பதும் அதனால்தான் என்று சொன்னது.

இதற்கப்புறம் வருவதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம். பனியில் ஒட்டிய அழுக்கை வைத்து ஒருவர் கடலின் வரைபடத்தைக் கண்டுபிடித்தார்.

1881 ஜூனில் ஜெனெட் என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று வருஷம் கழித்து 1884ல், அதன் சாமான்கள் சில கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரைப் பக்கம் மிதந்த பனித்துண்டில் கிடைத்தன. அதில் ஒன்று மாலுமி ஒருவரின் பேர் எழுதியிருந்த எண்ணெய்த்துணிக் கால்சட்டை. சைபீரியாவில் போனது கிரீன்லாந்தில் வந்தது என்றால் வழி எது? துருவத்தைக் கடந்து பனி மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று நார்வேக்காரர் ஃபிரித்யோஃப் நான்சென் நினைத்தார். ஆனால் ஒரு கால்சட்டையை மட்டும் காட்டி யாரிடம் பணம் கேட்பது?

1888ல் கிரீன்லாந்தைப் பனிச்சறுக்குக் கட்டையில் குறுக்கே கடக்கப் போனபோது, கிழக்குக் கரைக்கு எதிரே மிதந்த பனியில் ஒட்டியிருந்த அழுக்கைச் சுரண்டி எடுத்து வைத்திருந்தார். ஸ்வீடனில் டயட்டம் நிபுணர் கிளீவ் அதைப் பார்த்தார். அதிலிருந்த டயட்டம் கூட்டம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த கூட்டம். வேகா என்ற ஸ்வீடன் கப்பல் 1878-79 குளிர்காலத்தில் பெரிங் நீரிணைப் பக்கம் பனியில் மாட்டிக்கொண்டு கிடந்தபோது எடுத்து வந்த மாதிரியில் பார்த்தது. வேறெங்கும் அவர் காணாத வகைகள், இந்த இரண்டு இடத்திலும் மட்டும் இருந்தன. நடுவில் மொத்த வட துருவக் கடலும் கிடக்கிறது!

1890ல் நான்சென் தன் திட்டத்தை வெளியிட்டபோது இந்த டயட்டங்களும் சாட்சிக்கூண்டில் ஏறின. வேண்டுமென்றே ஒரு கப்பலைப் பனியில் உறையவிட்டு, பனி இழுத்துப் போகிற வழியே போவது. துருவத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் பலர் இது தற்கொலை என்றார்கள். 1893 செப்டம்பரில் ஃபிராம் பனியில் உறைந்தது. 1896 ஆகஸ்டில் ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கம் முழுசாக வெளியே வந்தது. கப்பலில் எல்லோரும் பத்திரம். பாசி சொன்ன சாட்சி பொய்க்கவில்லை.

1895 மார்ச்சில் நான்சென் ஒரு துணையோடு துருவத்தை நோக்கி நடந்தது, 86 டிகிரி 14 நிமிஷம் வரை போனது எல்லாம் எல்லாரும் எழுதுகிற கதை. அதற்கு முந்தைய கோடையில் அவர் பனியின் மேல் உருகித் தேங்கிய குட்டைகளில் குனிந்து பழுப்புக் கட்டிகளை அள்ளி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்ததை யாரும் சொல்வதில்லை. படிப்பால் அவர் விலங்கியல்காரர், நரம்பு மண்டலத்தில் டாக்டர் பட்டம் வாங்கினவர். ஃபிராம் கொண்டுவந்த டயட்டங்களை கிரான் என்ற நார்வே தாவரவியலாளர் 1904ல் விவரித்தார்.

அதற்கப்புறம் ஐம்பது வருஷத்துக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பேர் வைப்பதோடு சரி. கோடையில் மட்டும் கப்பல் போகும். பாசி தழைப்பது அதற்கு முன்பு, வசந்தத்தில், பனிக்கு அடியில். தென்கடலில் திமிங்கில எண்ணெய் வரிப்பணத்தில் 1925ல் ஆரம்பித்த டிஸ்கவரி ஆய்வுகள் கிரில் என்ற இறால் போன்ற பிராணியைப் பற்றி மலை மலையாக எழுதின. குளிர்காலத்தில் அது பனிக்கு அடியில் என்ன செய்கிறது என்று போய்ப் பார்க்க வழியில்லை.

பாசி பனிக்குள் எப்படிப் பிழைக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். கடல் தண்ணீர் மைனஸ் 1.8 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும். பனிப்படிகம் உப்பைத் தனக்குள் சேர்க்காது, வெளியே தள்ளும். தள்ளின உப்பெல்லாம் படிகங்களுக்கு நடுவே கெட்டி உப்புநீராகச் சேர்ந்து, சின்னச் சின்ன வாய்க்கால்களாக ஓடும். இட்லியைப் பிட்டால் உள்ளே கண் கண்ணாகத் தெரியுமே, அப்படி. மைனஸ் 10 டிகிரியில் அந்த வாய்க்கால் தண்ணீர் கடலைவிட நாலு மடங்கு உப்பு. பாசி பெரும்பாலும் இருப்பது பனியின் கடைசிச் சில சென்டிமீட்டரில். அங்கேதான் குளிர் குறைவு, கீழே கடலிலிருந்து சத்தும் வரும். வெளிச்சம்தான் கஷ்டம். பனியும் அதன் மேல் விழுந்த வெண்பனியும் வடிகட்டின பிறகு வருவது பல நேரம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த வெளிச்சத்திலேயே சமைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறது. பனிப்படிகம் வளர்ந்து செல்லைக் கிழிக்காமல் தடுக்கப் புரதம் சுரக்கிறது. நம்ம ஊர்ப் படித்துறையில் நம்மை வழுக்கி விழவைக்கிற பாசி மாதிரியே வழவழவென்று ஒரு கூழையும் சுரக்கிறது.

1960களில்தான் இதை அளக்க ஆரம்பித்தார்கள். கனடாவின் ஆர்க்டிக் தீவுப் பகுதியில் பனியின் அடிப்பகுதியில் எவ்வளவு பச்சையம் இருக்கிறது என்று ஸ்பென்சர் அப்போலோனியோ 1961ல் எழுதினார். அண்டார்டிகாவின் மக்மர்டோ பகுதியில் ஜான் பண்ட் பனிக்கு அடியில் ஆய்வு செய்து, இது ஒட்டிக்கொண்டு கிடக்கும் பாசி இல்லை, உற்பத்தி செய்யும் பாசி என்று 1963ல் எழுதினார். 1986ல் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் கப்பல் துணிந்து குளிர்காலத்திலேயே வெட்டல் கடலுக்குள் போனது. பனிக்கு அடியில் கிரில் கூட்டம் தலைகீழாக, வயிறு மேலே பார்க்க, பனியின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. டிஸ்கவரிக்காரர்களுக்குக் கிடைக்காத பதில் அதுதான்.

ஆர்க்டிக்கின் கணக்கு 1994ல் வந்தது. அமெரிக்க, கனடியக் கப்பல்கள் இரண்டு வட துருவக் கடலைக் குறுக்கே கடந்தபோது அளந்தார்கள். சுற்றியுள்ள ஆழமில்லாத கடல்களில் பனிப்பாசியின் பங்கு சொற்பம், சுமார் 3 சதவீதம். மிதக்கும் பாசியே அங்கே ராஜா. ஆனால் நடுக்கடலில் பனிப்பாசியின் பங்கு 57 சதவீதம்.

3 சதவீதம் என்றால் விட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் தப்புக் கணக்கு போட்டுவிடுவோம். எவ்வளவு என்பதைவிட எப்போது என்பது முக்கியம். ஸ்வால்பார்டின் வடக்கு ஓரத்தில் ரிப்ஃபியோர்டன் என்ற கடற்கழியில் 2007ல் பார்த்தார்கள், 2010ல் வெளியிட்டார்கள். பனிப்பாசி ஏப்ரல் கடைசியில் தழைக்கிறது. பனி விலகி, திறந்த தண்ணீரில் மிதக்கும் பாசி தழைக்க ஜூலை ஆகிறது. நடுவில் இரண்டு மாசம். கலானஸ் என்ற அரிசிமணி அளவுப் பிராணி ஒன்று, தாய் முதல் பந்தியில் சாப்பிட்டு முட்டையிடும். குஞ்சு வளர்ந்து வாய் திறக்கிற நேரத்துக்கு இரண்டாவது பந்தி போட்டிருக்கும். முதல் பந்தி இல்லையென்றால் முட்டை தாமதம். பனி சீக்கிரம் உடைந்தால் இரண்டு பந்தியும் நெருங்கிவிடும், குஞ்சு வருவதற்குள் இலை எடுத்துவிடுவார்கள். அந்தக் கலானஸின் கொழுப்பை நம்பித்தான் துருவ காட் மீன், அதை நம்பி சீல், சீலை நம்பி கரடி.

கரடிவரை வருகிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? 2007ல் பிரிட்டனில் பிளிமத் பல்கலைக்கழகத்தின் சைமன் பெல்ட் குழு ஒரு கொழுப்பு மூலக்கூறை அடையாளம் காட்டியது. பேர் ஐபி25. அதில் 25 கார்பன் அணுக்கள். பனியில் வாழும் சில டயட்டங்கள் மட்டுமே இதைச் செய்கின்றன. கடலடி மண்ணில் இது இருந்தால், அந்தக் காலத்தில் மேலே பனி இருந்தது என்று அர்த்தம். பிராணியின் உடம்பில் இருந்தால் அதன் சாப்பாடு எங்கேயோ ஒரு கண்ணியில் பனிப்பாசியில் ஆரம்பித்தது என்று அர்த்தம். திறந்த தண்ணீர்ப் பாசி செய்யும் இன்னொரு மூலக்கூறோடு ஒப்பிட்டு, கனடியத் துருவக்கரடிகளின் ஈரலைப் பார்த்து 2018ல் வந்த கணக்கு: கரடியின் உணவில் சராசரியாக 86 சதவீதம் பனிப்பாசி வழி வந்தது. நாம் கரடியின் காலடியைப் பார்த்துக் கவலைப்பட்டோம், பிரச்சினை வயிற்றிலும் இருந்தது.

2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடல் பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. 1979ல் செயற்கைக்கோள் தொடர் அளவு ஆரம்பித்ததிலிருந்து அதற்கு முன்பு அவ்வளவு குறைந்ததில்லை. அந்தக் கோடையில் அங்கே இருந்த போலார்ஸ்டெர்ன் கப்பலில் ஆந்தியே போயெட்டியஸ் குழுவினர் 4000 மீட்டர் ஆழத்துக்குக் கேமரா இறக்கினார்கள். தரை முழுக்க மெலோசிரா ஆர்க்டிகா என்ற பாசியின் கட்டிகள். பனிக்கு அடியில் முடிக்கற்றை மாதிரி தொங்குகிற பாசி அது. பனி உருகியதும் பிடி விட்டு மொத்தமாக மூழ்கிவிட்டது. சதுர மீட்டருக்குச் சராசரி 9 கிராம் கார்பன். கடல் வெள்ளரிகளும் நொறுங்கு நட்சத்திரங்களும் அதை மேய்ந்துகொண்டிருந்தன. கீழே இருப்பவர்களுக்கு விருந்துதான். மேலே இருப்பவர்களுக்கு?

நியாயமாக ஒரு மறுபக்கமும் சொல்லவேண்டும். பனி குறைந்தால் வெளிச்சம் அதிகம், மிதக்கும் பாசி அதிகம். ஆர்க்டிக்கின் திறந்த தண்ணீர் உற்பத்தி 1998க்கும் 2018க்கும் நடுவே 57 சதவீதம் கூடியது என்று செயற்கைக்கோள் கணக்கு சொல்கிறது. (மேலே வந்த 57க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தற்செயல்.) ஆகவே பட்டினி, பஞ்சம் என்று ஒரே வரியில் எழுதுபவர்களை நான் நம்புவதில்லை. மொத்த விளைச்சல் கூடலாம். ஆனால் தை அறுவடையை நம்பி வாழ்ந்த குடும்பத்திடம், ஆடியில் நிறைய வரும் பொறுத்துக்கொள் என்று சொல்வது எப்படியோ, அப்படித்தான் கலானஸிடம் சொல்வதும். அண்டார்டிகாவில் பனி பல வருஷம் அவ்வளவாகக் குறையவில்லை. 2016க்குப் பிறகு அங்கும் சரிந்து, 2023 குளிர்கால உச்சம் செயற்கைக்கோள் கணக்கிலேயே மிகக் குறைவாகிப்போனது. குஞ்சுப் பருவத்தில் பனிப்பாசியை நம்பும் கிரிலுக்கு அதனால் என்ன ஆகும் என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. கோவாவிலிருந்து கிளம்பி 1982 ஜனவரி 9ல் அண்டார்டிகாவில் இறங்கிய முதல் இந்தியக் குழுவுக்குத் தலைவர் செய்யது ஜாஹூர் காசிம். அவர் கடல் உயிரியல்காரர், கொச்சிக் காயலில் நுண்பாசி எவ்வளவு விளைகிறது என்று அளந்தவர். 2008ல் ஸ்வால்பார்டில், 79 டிகிரி வடக்கில், நி-ஆலசுண்ட் என்ற ஊரில் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் திறந்தது. அதற்கு எதிரே இருப்பது காங்ஸ்ஃபியோர்டன் என்ற கடற்கழி. வெதுவெதுப்பான அட்லாண்டிக் தண்ணீர் உள்ளே புகுந்ததில், 2006லிருந்தே அங்கே குளிர்காலப் பனி உறைவது வெகுவாகக் குறைந்துவிட்டது. 2014ல் நம் விஞ்ஞானிகள் அந்தக் கழிக்குள் நிரந்தரமாக அளவுக்கருவிகளை இறக்கினார்கள். தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அவை எழுதி வைக்கின்றன.

பனிப்பாசி வேண்டுமென்றால் பனி உறைகிற இடம் தேடித்தான் போகவேண்டும். குழாய் மாதிரி துளைப்பான் வைத்துப் பனியைக் குடைந்து, கம்பத்தை வெளியே இழுத்து, பழுப்பான கடைசிச் சில சென்டிமீட்டரை மட்டும் ரம்பத்தால் அறுத்து எடுப்பார்கள். அதை அப்படியே உருகவிட்டால் பாசி செத்துவிடும். உப்பில் பழகின செல் நல்ல தண்ணீரில் ஊறி வெடித்துப்போகும். அதனால் வடிகட்டின கடல் தண்ணீரில் போட்டு, இருட்டில், மெதுவாகக் கரையவிட்டு, மறுநாள்தான் மைக்ரோஸ்கோப்பை எடுக்கிறார்கள்.